சலைன் பெட்டி படுத்திருந்த பாய்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். "சரிப்பா, சாப்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு வெகு நேரம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒருத்தி இருக்கிற வீட்டில் இத்தனை பீன்ஸ் எதற்கு என்று முடித்த பிறகுதான் தோன்றியது. ஃபோனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்தப் பழக்கம் நம் இரண்டு பேருக்குமே உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். உன் மனைவியும் படிக்கட்டும். இன்னும் சிலரும் படிக்க வேண்டியிருக்கும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ சொன்னது இதுதான். அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து திருப்பதிக்கு வருகிறாய். நான் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்த அதே ஆஸ்பத்திரியில், அதே முதியோர் வார்டில், உன் கம்பெனியின் பாயைப் போடப் போகிறார்கள். படுத்திருக்கும் பெரியவர் எழுந்தால் மணி அடிக்கிற பாய். அதற்கு முன்னால் நர்ஸ்களை உட்கார வைத்து நீ பேச வேண்டும். எடுத்த எடுப்பில் என் கதையைச் சொல்லப் போவதாகச் சொன்னாய். "எங்க அம்மா வார்டுல ஒரு பெரியவர் வுழுந்தப்போ மிஷின் அடிக்கல. அடிக்காம இருக்கவே முடியாத மிஷின் ஒண்ணு செய்யணும்னு அன்னைக்கே முடிவு பண்ணேன்." இதை நீ எத்தனையோ இடத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறாய். இந்தத் தடவை இன்னொன்றும் பெருமையாகச் சொன்னாய்: "இத்த யாரும் ஆஃப் பண்ண முடியாதும்மா. ஸ்விட்சே வைக்கல."

அந்த மிஷின் கெட்டுப்போகவில்லை, கண்ணு. அதை அடிக்கவிடாமல் செய்தது நான்.

இதை எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். சுற்றி வளைத்து ஆரம்பித்தால் முடிக்க மாட்டேன் என்று தெரிந்ததால் முதலிலேயே போட்டுவிட்டேன். உன் கூட்டத்தில் முதல் வரிசையில் முனெம்மா உட்கார்ந்திருப்பாள். என்னோடு டியூட்டி பார்த்தவள், இப்போது அவள்தான் அந்த வார்டு இன்சார்ஜ். அவளுக்கு எல்லாம் தெரியும். நீ என் கதையைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. கடைசியில் கையும் தட்டுவாள். அதற்கு ஒரு மாதம் கழித்து உன் பாய்கள் எங்கே கிடக்கும் என்று என்னால் இப்போதே சொல்ல முடியும்.

அந்தப் பாய்கள் வந்தபோது நீ கல்லூரியில் மூன்றாம் வருடம். எங்கள் வார்டில் பதினெட்டுக் கட்டில், ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு நர்ஸ். சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து ஆறு கட்டிலில் பாய் போட்டார். இடுப்பு படுகிற இடத்தில் விரிப்புக்கு அடியில் ஒரு மெல்லிய பட்டை, அதிலிருந்து ஒரு வயர், தலைமாட்டில் ஒரு சின்ன டப்பா. ஆள் படுத்திருந்தால் பச்சை விளக்கு. எழுந்தால் மஞ்சள் எரிந்து டப்பா கத்தும். வயரைப் பிடுங்கினால் சிவப்பு, அது மேலே சூப்பிரண்டெண்ட் அறையிலும் எரியும். எங்களுக்கு அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். அது கத்துகிற ஒவ்வொரு தடவையையும் எழுதிவைக்க ஒரு புது நோட்டும் கொடுத்தார்கள். முனெம்மா அந்த நோட்டைப் பார்த்துத்தான் முதலில் பயந்தாள். "அக்கா, வேணாம். மிஷினு வந்தா வேல கொறையும்னாங்க. இப்ப மிஷினுக்கும் சேத்து நாமளே எழுதணுமா?" என்றாள். நர்ஸ்களுக்குப் புதுசு பிடிக்காது என்று நீங்கள் எல்லாம் பேசிக்கொள்கிறீர்கள். எங்களுக்குப் பிடிக்காதது அந்த நோட்டு.

புதுசு பிடிக்காது என்றால் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற அந்தக் கிளிப் என்ன ஆனது? கொரோனாவில் அதை எங்களுக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித் தரவில்லை. ஒரே நாளில் எல்லார் பாக்கெட்டிலும் ஏறிவிட்டது. இந்த ஆள் மூச்சு தாங்குமா என்று எங்கள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்விக்கு அது பதில் சொன்னது, அதனால். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு டிராலி, கத்தரிக்கோல், பி.பி. மிஷின் எல்லாவற்றோடும் சேர்த்து கிளிப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஒரு புதுப் பெண் ஆசையாக உள்ளே விளக்கு எரிகிற இடத்திலேயே சந்தனத்தை அப்பிவிட்டாள். மறுநாள் காலை எடுத்த ரீடிங்கில் வார்டே மூச்சுக்குத் திணறியது. டாக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார், அவருக்குத்தான் ஆக்சிஜன் வைக்க வேண்டியிருக்கும் போலிருந்தது. இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் வார்டில் ஒரு பொருளுக்குக் குங்குமம் வைத்தால் அது எங்களுடையது என்று அர்த்தம். அந்தப் பாய்கள் எங்களோடு ஒரு ஆயுத பூஜை இருந்தன. அவற்றுக்கு யாரும் குங்குமம் வைக்கவில்லை. ஏன் என்று எவரும் கேட்கவும் இல்லை.

நான்காவது கட்டிலில் எட்டியப்பன் என்று ஒருத்தர் இருந்தார். பிச்சாட்டூர் பக்கம். வாழ்நாளில் பாதி அடுத்தவன் நிலத்தில் கூலி, மீதி சொந்தமாக ஒரு துண்டு நிலம். நெஞ்சில் சளி கட்டி வந்தவர், தேறிக்கொண்டிருந்தார். காலில் மட்டும் பலம் வரவில்லை. திருப்பதி வார்டில் விடியற்காலை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொன்னதில்லை. எழுந்து நிற்க முடிகிறவர்கள் எல்லாம் ஐந்து மணிக்கு எழுந்து ஜன்னல் பக்கம் போவார்கள். மலை தெரியும், மலைப்பாதை விளக்குகள் தெரியும். ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து படுப்பார்கள். முடியாதவர்கள் கட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்து அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவார்கள். பாய் செய்த மகராசனுக்கு இது தெரியாது. ஐந்து மணிக்கு ஆறு டப்பாவும் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தும். நானும் முனெம்மாவும் யாருக்காவது மூத்திரத் துணி மாற்றிக்கொண்டிருப்போம். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினால் அங்கே ஒரு பெரியவர் பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். ஆறு பேருக்கும் ஓட வேண்டும், ஆறையும் நோட்டில் எழுத வேண்டும். பத்து நாளில் எங்கள் காது அந்தச் சத்தத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டது. கேட்காத காது மணி இல்லாததைவிட ஆபத்து, நர்ஸாக எனக்கு அது தெரியும்.

எட்டியப்பன்தான் வாயைத் திறந்து கேட்டவர். "இன்னாம்மா இது, ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட மோளம் அடிச்சிக்கினு போவணுமா? நான் எத்தினி தபா எழுந்துக்கினேன்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது, இந்த டப்பாவுக்குத் தெரியணுமா?" என்றார். வார்டு முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்று நான் அவர் விரிப்புக்கு அடியிலிருந்து பட்டையை உருவிக் கட்டிலுக்குக் கீழே தரையில் வைத்தேன். ஸ்டோரிலிருந்து ஒரு சலைன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அதன்மேல் ஏற்றினேன். பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பெட்டி புரளாமல், இருமாமல், எழுந்து கும்பிடாமல் படுத்திருந்தது. அவ்வளவு ஒழுங்கான நோயாளியை அந்த மிஷின் அதுவரை பார்த்திருக்காது. முனெம்மா பார்த்தாள். அடுத்த நாள் இன்னும் மூன்று கட்டிலுக்குக் கீழே பெட்டி இருந்தது.

அவர் விழுந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. அன்று விடியற்காலை மலையை மேகம் மூடியிருந்தது. மற்ற நாளில் ஒரு நிமிஷத்தில் கும்பிட்டுத் திரும்புகிறவர், மேகம் விலகட்டும் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தக் கால்கள் அத்தனை நேரம் நிற்கிற கால்கள் இல்லை. நாங்கள் கடைசிக் கட்டிலில் இருந்தோம். தேங்காய் விழுந்த மாதிரி சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தபோது சுவரோரம் கிடந்தார். "மல தெரியலம்மா, மூடிக்கினு கீது" என்றார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

டாக்டர் வந்து முதலில் கேட்டது மணி அடித்ததா என்றுதான். அதற்குள் முனெம்மா பெட்டியை நகர்த்திப் பட்டையை விரிப்புக்கு அடியில் சொருகிவிட்டிருந்தாள். நான் அவளிடம் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. "அடிக்கல சார்" என்றேன். டாக்டர் எட்டியப்பனிடம் குனிந்து அதையே கேட்டார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனுஷன் ஒருமுறை என்னைப் பார்த்தார். "எனக்குக் காது செரியா கேக்காது சாமி" என்றார். மோளம் அடிக்கிறது என்று சண்டை போட்டவர். அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை. கேஸ் ஷீட்டில் 'அலாரம் ஒலிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதனால்தான் யாராலும் என்னைக் கேட்க முடியவில்லை. சென்னையிலிருந்து அந்தக் கம்பெனிக்காரர் மறுபடி வந்தார். அதே பாயில் அவரே படுத்து எழுந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அடித்தது. "நல்லாத்தானே மேடம் அடிக்குது" என்று என் முகத்தையே பார்த்தார். "அன்னைக்கு அடிக்கல" என்றேன். ஆறையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு எங்கள் வார்டில் விழுந்தவர்கள் மணி இல்லாமல் விழுந்தார்கள். அதில் என் பங்கு எவ்வளவு என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுதத் தெரியவில்லை.

நீ அந்த வாரம் லீவுக்கு வந்திருந்தாய். அப்போது நாம் இருந்த நகரி வீட்டில் நீயும் உன் நைனாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னம்மா ஒரு மாதிரி இருக்கே என்று கேட்டாய். மிஷின் கோளாறு, ஒரு பெரியவர் விழுந்துட்டார் என்றேன். ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்ததையே வீட்டிலும் சொன்னேன், அவ்வளவுதான். நீ சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து பட்டை எப்படி வேலை செய்யும், வயர் எங்கே போகும் என்று கேள்வியாகக் கேட்டாய். உன் கண்ணில் அன்று அப்படி ஒரு வெளிச்சம். நீ வெளியே போனதும் உன் நைனா தட்டில் கை கழுவிக்கொண்டே கேட்டார்: "கம்பிய கட்டி வுட்டுட்டியா?" நம் விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்க ஒரு கம்பி இருக்கும், உனக்கு நினைவிருக்கும். அது சும்மா சும்மா நிறுத்துகிறது என்று எல்லாரும் அதைக் கட்டிவைத்துவிட்டுத்தான் ஓட்டுவார்கள். துணி பாழாகும்போது தறியைத் திட்டுவார்கள். அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "புள்ளையாண்டான்கிட்ட நெசத்த சொல்லிடு. அவன் இத்தயே புட்ச்சிக்கினு போவான்" என்றார். சொல்லாமல் விட்டேன். முதலில் பயம். பிறகு நீ அந்தக் கதையை வைத்தே படித்தாய், வேலைக்குப் போனாய், கம்பெனி ஆரம்பித்தாய். அஸ்திவாரத்தில் ஒரு கல் சரியில்லை என்று மூன்றாம் மாடி எழும்பிய பிறகு எப்படிச் சொல்வது? அவர் சாகும்வரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார், "சொல்ட்டியா?" என்று. எனக்கு வெட்கமாக இருக்கிறது கண்ணு. இதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

எட்டியப்பனைப் பார்க்க ஒரு தடவை நானும் உன் நைனாவும் பிச்சாட்டூருக்குப் போனோம். ஆபரேஷன் ஆகியிருந்தது, ஆனால் நடக்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே டீ குடிக்கச் சொன்னார். கிளம்பும்போது, "அந்தப் பொட்டி இன்னும் கட்லு கீழயே கீதா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. அடுத்த பொங்கலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

உனக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். அணைக்க முடியாத மிஷின் செய்திருக்கிறாய். அடிக்காமல் போனதுதான் குற்றம் என்று நான் உன்னை நம்ப வைத்ததால் அப்படிச் செய்திருக்கிறாய். அணைக்க முடியாததைத்தான் முதலில் ஏமாற்றுவார்கள். நீ எட்டாவது படித்தபோது டியூட்டியிலிருந்து பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஃபோன் போட்டுக் கேட்பேன், பையன் வந்துவிட்டானா என்று. அவள் எட்டிப் பார்த்து, செருப்பு இருக்கு, வந்துட்டான் என்பாள். செருப்பு வாசலில் இருந்தது, நீ வெறுங்காலோடு ஏரியில் இருந்தாய். அப்படி ஏமாற்ற உனக்கு அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்விட்ச் வை. ஐந்து மணிக்கு அவர்கள் ஒரு கால்மணி நேரம் அணைத்துக்கொள்ளட்டும், யார் அணைத்தார்கள் என்று மேலே காட்டிக்கொடுக்காதே. கும்பிட எழுகிறவர் பக்கத்தில் போய் நிற்க அந்த நேரத்துக்கு இன்னொரு ஆளைப் போடச் சொல். அதை உன் பாயால் செய்ய முடியாது, ஆனால் உன் வாயால் கேட்க முடியும். ஒரு நோட்டையாவது குறைத்துக் கொடு. படுத்திருக்கிறவரிடம், ஐயா உங்களுக்குக் கீழே இப்படி ஒன்று வைக்கிறோம், சம்மதமா என்று கேள். எட்டியப்பனிடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் முனெம்மாவை முதலில் பேச விடு. என் கதையைத்தான் சொல்லுவேன் என்றால் இந்தக் கடிதத்தைப் படி. மேலிடத்திலிருந்து மெமோ வருமே என்று இப்போது எனக்குப் பயம் இல்லை, ரிட்டயர் ஆனவளுக்கு என்ன மெமோ கொடுப்பார்கள்? முனெம்மாவின் பேரை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிடு. முன்கூட்டியே அவளுக்கு ஃபோன் செய்து சொல்லிவிட்டேன். "இப்புடா அக்கா? இப்பத்தானா?" என்று கேட்டு அழுதாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் மேலே எழுதியதை மட்டும் சொன்னால் பிரயோஜனம் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிட்டுப் பெங்களூர் திரும்பும்போது, நான் இப்போது இருக்கிற இந்தச் சித்தூர் வீட்டில் என் கட்டிலிலும் ஒரு பாய் போட்டுவிட்டுப் போனாய். நான் எழுந்தால் உன் ஃபோன் அடிக்கும். முதல் மூன்று நாள் நான் பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் நீ கூப்பிட்டாய், என்னம்மா, என்ன ஆச்சு என்று. ஒன்றும் ஆகவில்லை. அறுபத்து நாலு வயது ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். நான் எத்தனை தடவை போகிறேன் என்று நான் பெற்ற பிள்ளையின் ஃபோனுக்குத் தெரிய வேண்டாம் என்று தோன்றியது. நாலாம் நாள் பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டைப் பாய்மேல் வைத்துவிட்டுக் கீழே விரித்துப் படுத்தேன். காலையில் ஆறு மணிக்கு அரிசியை எழுப்பிவிடுவேன். மூன்று வாரமாக இதுதான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ சந்தோஷமாகச் சொன்னாய், "சூப்பரா தூங்கறியேம்மா, ராத்திரில ஒரு தபா கூட எழுந்துக்கல" என்று. இந்த வயசுக்காரி ஒரு தடவைகூட எழாமல் தூங்கினால் சந்தோஷப்படக் கூடாது கண்ணு, மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை குளியலறை வாசலில் கால் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை, முழங்கையில் சிராய்ப்பு. கீழே உட்கார்ந்து கொஞ்ச நேரம் கட்டிலைப் பார்த்தேன். டப்பாவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அரிசி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

இன்றைக்குப் பைகளைச் சமையலறையில் வைத்துவிட்டேன். டப்பாவின் ஓரத்தில் ஒரு பொட்டு குங்குமம் வைத்தேன், விளக்கில் படாமல். ஐந்து பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன், வரிசையாக வரவில்லை என்றால் நம்பர் பார்த்துப் படி. நாளைக் காலை நாலரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், நான் எழுவேன். உன் ஃபோன் கத்தும். பதறி எழுந்து உட்காராதே. உடனே கூப்பிடாதே. பத்து நிமிஷத்தில் மறுபடி படுத்துக்கொள்வேன், பச்சை எரியும். எரியவில்லை என்றால் கூப்பிடு, அதற்குத்தானே இதைச் செய்தாய்.

மூன்று வாரம் கழித்து நாளைக்கு விடியுமுன் அது அடித்தால், அது நான்தான்.

அம்மா